4.5 கிகாஹெர்ட்ஸில் தடுமாறும் பழைய 2500கே: வோல்டேஜைக் கூட்டுவதா, வேகத்தைக் குறைப்பதா?

2011 ஜனவரியில் வந்த இன்டெல் கோர் ஐ5-2500கே இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அடிப்படை வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.7. மல்டிப்ளையர் (100 மெகாஹெர்ட்ஸ் பேஸ் கிளாக்கைப் பெருக்கும் எண்) பூட்டப்படாத பிராசசர் என்பதால், பி67 அல்லது இசட்68 மதர்போர்டும் சுமாரான ஒரு டவர் கூலரும் இருந்தால் போதும், பயாஸில் மல்டிப்ளையரை 45 ஆக்கி 4.5 கிகாஹெர்ட்ஸில் ஓட்டலாம். நிர்ணயித்த வேகத்துக்கு மேல் இப்படி ஓட்டுவதுதான் ஓவர்கிளாக். அப்படி ஓட்டியவர்கள் ஏராளம். அண்ணன் 2600கே-க்கும் இதே கதைதான்.

ஆண்டுக்கணக்கில் அசராமல் ஓடிய அந்த 4.5 இப்போது தடுமாறுகிறது. கேமில் உறைந்து நிற்கிறது, வீடியோ ரெண்டர் பாதியில் ப்ளூ ஸ்கிரீன் வருகிறது, சில சமயம் சும்மா இருக்கும்போதே ரீஸ்டார்ட் ஆகிறது. என்ன செய்யலாம்? வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டலாம். வேகத்தைக் குறைக்கலாம். கூலரைக் கழற்றிப் பேஸ்ட் மாற்றலாம். ராமையோ எஸ்எம்பிஎஸ்ஸையோ (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) சந்தேகப்படலாம். எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புது மதர்போர்டும் பிராசசரும் வாங்கலாம். பெரும்பாலானவர்கள் கை முதலில் போவது வோல்டேஜுக்குத்தான். பத்து வயதைத் தாண்டிய பிராசசருக்கு அது கடைசியில் வர வேண்டிய வழி என்பது எங்கள் தீர்மானமான கருத்து. காரணத்தைக் கணக்கோடு பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு கேள்வி: இத்தனை நாள் ஓடியது இப்போது ஏன் ஓடவில்லை? பிராசசர் வயதாவது ஒரு காரணம். கூடுதல் வோல்டேஜிலும் சூட்டிலும் பல ஆண்டுகள் ஓடிய டிரான்சிஸ்டர்கள், அதே வேகத்துக்கு முன்பைவிடச் சற்று அதிக வோல்டேஜ் கேட்கத் தொடங்கும். ஆனால் அது மட்டுமே காரணமாக இருப்பதில்லை. தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், ஃபேன் மெதுவாகியிருக்கும், எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் தளர்ந்திருக்கும். பலர் கவனிக்காத இன்னொன்று, வேலை மாறியிருப்பது. ஒரே நேரத்தில் பல எண்களைக் கணக்கிடும் ஏவிஎக்ஸ் கட்டளைகள், 2500கே-யின் தலைமுறையான சாண்டி பிரிட்ஜில்தான் முதலில் வந்தன. விண்டோஸ் 7-இல் சர்வீஸ் பேக் 1 போட்ட பிறகே அவை வேலை செய்யும். அன்றைய கேம்கள் அவற்றைத் தொடவே இல்லை. இன்றைய வீடியோ என்கோடர்களும் பல புதிய மென்பொருள்களும் தாராளமாகப் பயன்படுத்துகின்றன. 2012-இல் ஏவிஎக்ஸ் இல்லாத சோதனையில் தேறிய செட்டிங், இப்போது ஏவிஎக்ஸ் சுமையில் தோற்றால் பிராசசர் கெட்டுவிட்டதென்று அர்த்தமில்லை. அது அன்றைக்கே முழுமையாகச் சோதிக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

முதலில், கோளாறு ஓவர்கிளாக்கில்தானா?

எதையும் தொடுமுன் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ‘லோட் ஆப்டிமைஸ்டு டீஃபால்ட்ஸ்’ கொடுத்து எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டு வாருங்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அந்தக் காலத்துப் பல மதர்போர்டுகளில் டீஃபால்ட் கொடுத்தால் சாட்டா மோடு (டிஸ்க்கோடு பேசும் முறை) ஏஎச்சிஐ-யிலிருந்து ஐடிஇ-க்கு மாறிவிடும். விண்டோஸ் ஏஎச்சிஐ-யில் நிறுவப்பட்டிருந்தால் பூட் ஆகும்போதே 7பி எண்ணில் ப்ளூ ஸ்கிரீன் வரும். பயந்துபோய் ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டி, விண்டோஸை மறுபடி நிறுவுபவர்கள் உண்டு. தேவையே இல்லை. பயாஸுக்குள் திரும்பப் போய்ச் சாட்டா மோடை ஏஎச்சிஐ ஆக்கினால் சரியாகிவிடும்.

டீஃபால்ட்டில் எக்ஸ்எம்பி-யும் (ராமை வேகமாக ஓட்டும் தயார் செட்டிங்) அணைந்திருக்க வேண்டும். ராம் 1333-இல் ஓடட்டும். இந்த நிலையில் இரண்டு மூன்று நாள் வழக்கமான வேலைகளைச் செய்யுங்கள். ஓர் இரவு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓட விடுங்கள். இதிலும் கிராஷ் ஆனால், வோல்டேஜா வேகமா என்ற கேள்விக்கே இடமில்லை. ராம், எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு, டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு ஆகியவற்றில் ஒன்றுதான் குற்றவாளி.

டீஃபால்ட்டில் பிரச்சினை இல்லாவிட்டால் அடுத்துப் பார்க்க வேண்டிய சின்ன விஷயம், பயாஸ் செட்டிங்கைக் காக்கும் சிஆர்2032 பேட்டரி. மல்டிமீட்டரில் 3 வோல்ட்டுக்கு நன்றாகக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். அது தளர்ந்துபோனால் மெயின் ஸ்விட்சை அணைக்கும்போதெல்லாம் செட்டிங் அழியும். ‘ஓவர்கிளாக்கிங் ஃபெயில்டு’ என்ற செய்தியும் வந்து, இல்லாத கோளாறைத் தேட வைக்கும்.

மதர்போர்டு 2011-இன் தொடக்கத்தில் வாங்கியதா? அப்படியானால் பி2 ஸ்டெப்பிங் (சிப்பின் பதிப்பு) சிப்செட்டா என்று சிபியு-இசட் மென்பொருளில் பாருங்கள். 6 வரிசைச் சிப்செட்களின் 3 கிகாபிட் சாட்டா போர்ட்டுகள் காலப்போக்கில் தேயக்கூடும் என்று 2011 ஜனவரி 31 அன்று இன்டெல்லே அறிவித்து, அந்தப் பலகைகளைத் திரும்பப் பெற்றது, திருத்தப்பட்டது பி3. பி2 பலகை கையில் இருந்தால் டிஸ்க்குகளை 6 கிகாபிட் போர்ட்டுகளுக்கு மாற்றிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். டிஸ்க் பிழையால் வரும் உறைவு, பார்வைக்கு ஓவர்கிளாக் கோளாறு போலவே இருக்கும்.

எப்போது விழுகிறது என்பதைக் கவனியுங்கள்

ப்ளூ ஸ்கிரீன் எண்ணை எழுதி வைத்துக்கொள்வது பழைய பழக்கம்தான், ஆனால் உதவுகிறது. சாண்டி பிரிட்ஜில் 101 (கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட்), 124 (டபிள்யுஎச்இஏ அன்கரெக்டபிள் எர்ரர்) ஆகிய இரண்டில் ஒன்று வந்தால் கோர் வோல்டேஜ் போதவில்லை என்பதே பெரும்பாலும் பொருள். 1ஏ, 50 ஆகியவை ராம் பக்கம் கை காட்டும். இவை அறிகுறிகள்தாம், தீர்ப்பு அல்ல. கோர் வோல்டேஜ் குறைந்தாலும் ராம் பிழை போன்ற எண் வரலாம்.

எண்ணைவிட நேரம் கூடுதலாகச் சொல்லும். முழுச் சுமையில் சில நிமிடங்களில் விழுந்தால் கோர் வோல்டேஜ் அல்லது சூடு. சுமை ஒன்றும் இல்லாமல், பிரவுசர் மட்டும் திறந்திருக்கும்போது விழுந்தால், ஆஃப்செட் முறையில் (வேகத்துக்கேற்ப மாறும் வோல்டேஜோடு ஓர் அளவைக் கூட்டுவது அல்லது குறைப்பது) ஐடில் வோல்டேஜ், அதாவது சும்மா இருக்கும்போது உள்ள வோல்டேஜ், அதிகமாக இறங்குகிறது. ஸ்லீப்பிலிருந்து எழும்போது மட்டும் தகராறு என்றால் ‘இன்டர்னல் பிஎல்எல் ஓவர்வோல்டேஜ்’ என்ற செட்டிங்கைப் பாருங்கள், 4.6-க்கு மேலே போக உதவும் அந்த வசதி ஸ்லீப்பைக் கெடுக்கும், 4.5-க்குப் பெரும்பாலும் தேவையே இல்லை. ப்ளூ ஸ்கிரீன் கூட வராமல் மின்சாரம் போனதுபோல் சட்டென்று அணைந்து மறுபடி எழுந்தால் எஸ்எம்பிஎஸ், அல்லது பிராசசருக்கு வோல்டேஜைச் சீராக்கித் தரும் மதர்போர்டின் விஆர்எம்.

விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ பார்த்துக் குழம்ப வேண்டாம். கணினி முறைப்படி அணையவில்லை என்பதை மட்டும்தான் அது சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. தேட வேண்டியது டபிள்யுஎச்இஏ-லாகர் பதிவுகளை, குறிப்பாக ஈவென்ட் 19. பிராசசருக்குள் பிழை வந்து அது தானாகத் திருத்தப்பட்டது என்பதன் சாட்சி அது. கணினி விழவே இல்லை, ஆனால் ஈவென்ட் 19 வரிசையாக விழுந்து கிடக்கிறது என்றால், அந்தச் செட்டிங் விளிம்பில் நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. கிராஷ் ஆகாமல் வேகம் மட்டும் குறைகிறதா? டீஃபால்ட் கொடுத்தபின் பவர் லிமிட் 95 வாட்டுக்குத் திரும்பியிருந்தால், சுமை ஏறும்போது மல்டிப்ளையர் 45-இல் நிற்காமல் இறங்கும். விஆர்எம் சூடானால் 16-க்கே விழக்கூடும். இவற்றுக்கு வோல்டேஜ் கூட்டினால் நிலைமை மோசமாகும்.

வோல்டேஜைக் கூட்டினால்

இதில் உள்ள கவர்ச்சி புரிகிறது. செலவில்லை, கழற்றுவது இல்லை, இரண்டு நிமிட வேலை. சரியான சூழலில் சரியான வழியும்கூட: முழுச் சுமையிலும் சூடு 75 டிகிரியைத் தாண்டவில்லை, வோல்டேஜ் 1.30-க்குக் கீழே இருக்கிறது, 101 அல்லது 124 வருகிறது என்றால் 0.005 வோல்ட் படிகளாக ஏற்றிப் பார்ப்பதில் தப்பில்லை. நான்கைந்து படிகளில் பலன் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

எந்த வோல்டேஜைப் பார்க்கிறோம் என்பது முக்கியம். பயாஸில் 1.35 என்று கொடுத்திருப்பீர்கள். முழுச் சுமையில் சிபியு-இசட் 1.29 காட்டும். சுமை ஏறும்போது வோல்டேஜ் இறங்கும்படி இன்டெல் வேண்டுமென்றே வடிவமைத்திருக்கிறது. பிராசசருக்குப் போதுமா போதாதா என்பதைத் தீர்மானிப்பது அந்த 1.29-தான். ஆகவே ஒப்பிடும்போது எப்போதும் சுமையில் உள்ள எண்ணை ஒப்பிடுங்கள்.

அந்த இறக்கத்தைக் குறைப்பது லோட்லைன் கேலிப்ரேஷன். இதை உச்சத்தில் வைத்துவிட்டு ‘இப்போது வோல்டேஜ் நேராக நிற்கிறது’ என்று மகிழ்பவர்கள் உண்டு. சுமை திடீரென்று விலகும் கணத்தில் வோல்டேஜ் கொடுத்த அளவையும் தாண்டி மேலே துள்ளும். அந்தத் துள்ளல் சிபியு-இசட்டில் தெரியாது, ஆசிலோஸ்கோப்பில்தான் தெரியும். பிராசசருக்கு நல்லதல்ல. நடுத்தர அளவே சரி: சுமையில் 0.02 முதல் 0.03 வோல்ட் இறங்கினால் இறங்கட்டும். ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு வேறு வேறு பெயர் வைத்திருப்பதையும் பாருங்கள். அசூஸ் பி8 வரிசையில் ‘ஹை’, ‘அல்ட்ரா ஹை’ என்று போகும். ஜிகாபைட்டில் எண் கூடக் கூட வலு கூடும். ஆஸ்ராக்கில் தலைகீழ், லெவல் 1-தான் உச்சம். ஒரு பலகைக்காகப் படித்த குறிப்பை இன்னொரு பலகையில் அப்படியே போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே போதும்.

நிலையான வோல்டேஜா, ஆஃப்செட்டா என்பது இதற்குள்ளேயே ஒரு தேர்வு. ஆஃப்செட்டில் ஐடிலின்போது 1600 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கினால் வோல்டேஜும் இறங்கும், மின்சாரம் மிச்சம். ஆனால் சுமையில் வோல்டேஜைக் குறைப்பதற்காக மைனஸ் ஆஃப்செட் கொடுத்திருந்தால் ஐடிலிலும் அதே அளவு குறைந்து, அங்கே கணினி உறையும். சில பலகைகளில் டர்போ வேகத்துக்கு மட்டும் கூடுதல் வோல்டேஜ் கொடுக்கும் வசதி தனியாக இருக்கிறது. இருந்தால் ஆஃப்செட்டைச் சற்று ஏற்றி, டர்போ வோல்டேஜை அதே அளவு குறைத்தால் சுமையில் மாற்றமில்லாமல் ஐடில் சரியாகும். கோளாறு தேடும் நாட்களிலோ நிலையான வோல்டேஜே வசதி. சந்தேகப்பட வேண்டியவற்றில் ஒன்று குறையும்.

வரம்பு என்ன? இன்டெல் ஆவணத்தில் விஐடி (பிராசசர் தானே கேட்கும் வோல்டேஜ்) வரம்பு 1.52 வோல்ட் வரை போகிறது என்று எடுத்துக்காட்டி வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். 4.5-இல் நாள் முழுக்கச் சுமையேற்றி ஓட்ட அது அனுமதிச் சீட்டு அல்ல. தினசரி ஓட்டத்துக்குச் சுமையில் 1.35 வோல்ட்டை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள், 1.40-ஐத் தொட்டால் நிறுத்திவிட வேண்டும். ஏற்கெனவே 1.36-இல் ஓடி, அதுவும் போதாமல் தடுமாறும் பிராசசருக்கு இன்னும் 0.03 கொடுத்தால் சில மாதம் ஓடும். அந்தக் கூடுதல் வோல்டேஜே தேய்மானத்தை வேகப்படுத்தி, மறுபடி இதே இடத்தில் கொண்டு வந்து நிறுத்தும்.

மல்டிப்ளையரைக் குறைத்தால்

கணக்கு இதுதான். பிராசசர் இழுக்கும் மின்சக்தி, வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடும். 4.5-க்கு 1.36 வோல்ட் கேட்கும் பிராசசர் ஒன்று, 4.3-க்கு 1.25 வோல்ட்டில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த வரிசையில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய இடைவெளிதான். 1.36-ஐ 1.25-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 1.18. வேக விகிதம் 1.047. இரண்டையும் பெருக்கினால் 1.24. அதாவது கடைசி 200 மெகாஹெர்ட்ஸுக்காக, 4.7 சதவீத வேகத்துக்காக, 24 சதவீத மின்சக்தி கூடுதலாக எரிகிறது. அந்த 24 சதவீதமும் சூடாக மாறிக் கூலருக்கும் விஆர்எம்முக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் சுமையாகிறது. 2011-இல் எல்லாம் புதிதாக இருந்தபோது தாங்கியது. இப்போது அந்தச் சங்கிலியில் எல்லாமே பழசு.

இழப்பு எவ்வளவு? கேமில் கிராஃபிக்ஸ் கார்டே தடையாக இருக்கும் இடங்களில் ஒன்றுமே தெரியாது. பிராசசரை முழுதும் நம்பியிருக்கும் கேமில் 100 ஃபிரேம் 96 ஆகும். ஒரு மணி நேர வீடியோ என்கோடு ஏறக்குறைய மூன்று நிமிடம் நீளும். பாதியில் விழுந்து மறுபடி முதலிலிருந்து ஓட்டுவதோடு ஒப்பிட்டால் இது இழப்பே இல்லை.

செய்முறையிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். முதலில் பேஸ் கிளாக் 100.0 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். 44-ஐ 102.3-ஆல் பெருக்கி 4.5 எடுத்த செட்டிங்குகள் நிறைய உண்டு. சாண்டி பிரிட்ஜில் பிசிஐ எக்ஸ்பிரஸ், சாட்டா, டிஎம்ஐ எல்லாம் அந்த ஒரே கிளாக்கில் தொங்குகின்றன; இரண்டு மூன்று சதவீதம் ஏறினாலே பழைய எஸ்எஸ்டி ஒன்று முரண்டு பிடிக்கலாம். அதை 100-க்குக் கொண்டு வந்துவிட்டு, மல்டிப்ளையரை 45-இலிருந்து 43 ஆக்குங்கள். வோல்டேஜைத் தொடாதீர்கள். இதில் சோதனை தேறினால் கோளாறு கோரில்தான் என்று உறுதியாகிவிட்டது. அதன் பிறகு 0.01 வோல்ட் படிகளாக இறக்கி, எங்கே பிழை வருகிறதோ அதற்கு மேல் 0.02 வைத்து நிறுத்துங்கள். அந்த மிச்ச இடைவெளியைப் பேராசையில் தின்றுவிடக் கூடாது; வரும் கோடைக்கும் வரும் ஆண்டுகளின் தேய்மானத்துக்கும் அதுதான் சேமிப்பு.

43-இலும் பிழை வந்தால் இன்னும் இறங்காதீர்கள். வேகம் குறைந்தும் நிலைக்காத கணினியில் கோளாறு வேகத்தில் இல்லை.

சூடு

2500கே-யின் உச்ச வரம்பு 98 டிகிரி. அதைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் நிலைத்தன்மை அதற்கு வெகு முன்பே போய்விடும். சூடு ஏற ஏறக் கசிவு மின்னோட்டம் கூடும், அதே வேகத்துக்குக் கேட்கும் வோல்டேஜும் கூடும். பிராசசருக்கு முழுச் சுமை ஏற்றும் பிரைம்95-இல் 80-க்குக் கீழே, அன்றாட வேலையில் 70-க்குக் கீழே இருக்கட்டும். அறையின் சூடு அப்படியே கோருக்கு ஏறும் என்பதால், டிசம்பரில் 72 காட்டிய கணினி சென்னையின் மே மாதத்தில் 84 காட்டுவதில் ஆச்சரியமில்லை. குளிர்காலத்தில் சோதித்துத் தேறிய செட்டிங் கோடையில் விழுவதற்கு இது ஒன்றே போதும்.

சூட்டைக் காட்டும் எச்டபிள்யுஇன்ஃபோவைத் திறந்து வைத்துக்கொண்டு சுமையை ஏற்றி, சூடு ஏறும் விதத்தைப் பாருங்கள். ஓரிரு நொடிகளில் 35-இலிருந்து 80-க்குத் தாவினால் கூலருக்கும் பிராசசருக்கும் இடையே தொடர்பு சரியில்லை: பேஸ்ட் காய்ந்திருக்கிறது, அல்லது மூலையில் ஒரு புஷ் பின் கழன்றிருக்கிறது. நிதானமாக ஏறிப் பத்து நிமிடம் கழித்து 80-ஐத் தொட்டால் தொடர்பு நன்றாக இருக்கிறது. கேபினெட்டுக்குள் காற்றோட்டம்தான் இல்லை. ஒரே ஒரு கோர் மட்டும் மற்றவற்றைவிட 10 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் கூலர் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது.

காய்ந்த பேஸ்ட்டோடு ஒட்டியிருக்கும் கூலரை அப்படியே இழுக்காதீர்கள். பத்து நிமிடம் சுமையில் ஓட்டிச் சூடாக்கிவிட்டு அணையுங்கள், மின்கம்பியைப் பிடுங்குங்கள், கூலரை லேசாக இடவலமாகத் திருகி எடுங்கள். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, நடுவில் ஒரு பச்சைப்பயறு அளவு பேஸ்ட் போதும். தூசி ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். டவர் கூலர் போட்டவர்களுக்கு ஒரு கூடுதல் கவனம்: அதன் காற்று பின்பக்கமாகப் போவதால் விஆர்எம் ஹீட்சிங்க்குக்கு எதுவும் கிடைப்பதில்லை. தொட்டால் கை வைக்க முடியாத சூடு என்றால் ஒரு சின்ன ஃபேனை அந்தப் பக்கம் திருப்புங்கள்.

பிராசசர் மூடியைப் பெயர்த்துப் பேஸ்ட் மாற்றும் வேலை இதற்கு வேண்டாம். சாண்டி பிரிட்ஜில் மூடி உலோகப் பற்றால் ஒட்டப்பட்டது. பெயர்த்தால் பிராசசரே உடையும். 2012-இல் வந்த ஐவி பிரிட்ஜில்தான் (3570கே, 3770கே) உள்ளே பேஸ்ட்.

மற்ற எல்லா வழிகளோடும் ஒப்பிட்டால் இதற்குச் சில நூறு ரூபாயும் ஒரு மதியமும்தான் செலவு. வேகத்தைக் குறைக்க முடிவு செய்தாலும் இதைச் செய்யாமல் விடக் கூடாது.

ராமும் எஸ்எம்பிஎஸ்ஸும்

சாண்டி பிரிட்ஜின் அதிகாரப்பூர்வ ராம் வேகம் டிடிஆர்3-1333. எக்ஸ்எம்பி-யில் 1866, 2133 என்று ஓட்டினால் அதுவும் ஓவர்கிளாக்தான். நான்கு ஸ்லாட்டும் நிரம்பியிருந்தால் இன்னும் கடினம். முதல் பரிசோதனை சுலபம்: பிராசசரை 45-லேயே விட்டு, ராமை மட்டும் 1333-க்கு இறக்குங்கள். கிராஷ் நின்றால் குற்றவாளி அகப்பட்டான். 1600 என்பது நல்ல சமரசம். அதற்கு மேல் போவதால் வரும் லாபம் இந்த வயதுக் கணினியில் தகராறுக்கு ஈடாகாது.

ராம் வோல்டேஜ் 1.5, மிஞ்சினால் 1.575. பழைய 1.65 வோல்ட் ராம்களை இதில் தொடர்ந்து ஓட்டுவது மெமரி கன்ட்ரோலருக்கு நல்லதல்ல. விசிசிஐஓ (பிராசசரின் ராம் இணைப்புப் பகுதிக்கான வோல்டேஜ்) இயல்பில் 1.05 வோல்ட்; வேகமான ராமுக்காக 1.10 அல்லது 1.15 வரை போகலாம், 1.20-ஐத் தாண்ட வேண்டாம். விசிசிஎஸ்ஏ (மெமரி கன்ட்ரோலர் அடங்கிய பகுதிக்கான வோல்டேஜ்) 0.925-இலேயே இருக்கட்டும். பலகையே ‘ஆட்டோ’வில் இவற்றை ஏற்றி வைத்திருக்கும், எண்ணைக் கையால் எழுதிவிடுவது நல்லது. ராமை ஒவ்வொன்றாகப் போட்டு மெம்டெஸ்ட்86+ குறைந்தது நான்கு சுற்று. பின்களை அழிரப்பரால் தேய்க்கும் வழக்கம் உண்டு. ஐசோப்ரோபைலில் நனைத்த துணி மென்மையானது, தூளும் விழாது.

எஸ்எம்பிஎஸ்ஸைப் பொறுத்தவரை மென்பொருள் காட்டும் 12 வோல்ட் எண்ணை நம்ப வேண்டாம். மோலெக்ஸ் முனையில் மஞ்சளுக்கும் கருப்புக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்து, சுமையின்போது 11.4-க்கு மேல் நிற்கிறதா என்று பாருங்கள். கீழே இறங்கினால் கெட்டது உறுதி. இறங்காவிட்டால் நல்லது என்று உறுதி இல்லை. தளர்ந்த கெப்பாசிட்டரால் வரும் சிற்றலை மல்டிமீட்டரில் தெரியாது. ஒரு நாளைக்கு இரவல் வாங்கிய நல்ல எஸ்எம்பிஎஸ்ஸைப் போட்டு ஓட்டுவதுதான் நம்பகமான சோதனை.

எந்தச் சோதனையைத் தேறினால் போதும்?

பிரைம்95-இன் 26.6 பதிப்பில் ஏவிஎக்ஸ் இல்லை. 27 முதல் உண்டு, சூடும் அதிகம். புதியதையே பயன்படுத்துங்கள், ஏனென்றால் இன்றைய வேலை அப்படித்தான். ‘ஸ்மால் எஃப்எஃப்டி’ அரை மணி நேரம் ஓட்டினால் சூடும் கோர் வோல்டேஜும் தெரிந்துவிடும். ‘ரவுண்டிங் வாஸ் 0.5’ என்று ஏதாவது ஒரு வொர்க்கர் நின்றாலே தோல்விதான், கணினி ஓடிக்கொண்டிருந்தாலும். ‘ஸ்மால்’ தேறி ‘லார்ஜ்’ அல்லது ‘பிளெண்ட்’ தோற்றால் ராம், மெமரி கன்ட்ரோலர் பக்கம் போங்கள். இரவு முழுக்க பிளெண்ட், மறுநாள் சும்மா விட்டு ஐடில், பிறகு ஐந்தாறு முறை ஸ்லீப். இந்தக் கடைசி இரண்டையும் பலர் செய்வதில்லை. ஆஃப்செட் கோளாறுகள் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். வோல்டேஜைக் கூட்டி, ராமை இறக்கி, லோட்லைனை மாற்றி, மூன்றையும் ஒரே ரீஸ்டார்ட்டில் செய்தால் எது சரி செய்தது என்று யாருக்கும் தெரியாது.

எல்லாம் தேறிய பிறகும் கிராஷ் தொடர்ந்தால் விண்டோஸ் கோப்புகளைச் சரிபாருங்கள். நிலையில்லாத ஓவர்கிளாக், எழுதும் கோப்புகளைச் சத்தமில்லாமல் கெடுக்கும். வன்பொருள் சரியான பிறகும் அந்தக் கெட்ட கோப்பு கிராஷ் தந்துகொண்டே இருக்கும். எஸ்எஃப்சி ஸ்கேன் ஒரு முறை ஓட்டினால் தெளிவாகிவிடும். இதே காரணத்தால்தான், அலுவலகக் கணக்கு, வாடிக்கையாளரின் வீடியோ, குடும்பப் படங்களின் ஒரே பிரதி இருக்கும் கணினியை 4.3-இலும் ஓட்ட வேண்டாம் என்கிறோம். டீஃபால்ட்டிலேயே விடுங்கள்.

மாற்றிவிடுவது எப்போது?

மேலே சொன்ன எல்லாம் செய்தும் 4.3-இல் நிலைக்கவில்லை, அல்லது டீஃபால்ட்டிலேயே தடுமாறுகிறது என்றால் இந்த மேடையில் (பிராசசர், மதர்போர்டு, ராம் சேர்ந்தது) மேலும் பணம் போட வேண்டாம். புது டிடிஆர்3 ராம், பெரிய கூலர், செகண்ட்ஹேண்ட் இசட்77 பலகை எதுவும் வேண்டாம். 2022-இல் வந்த நான்கு கோர், எட்டு திரெட் ஐ3-12100எஃப், எந்த ஓவர்கிளாக்கும் இல்லாமலேயே, 4.5-க்கு ஓவர்கிளாக் செய்த 2500கே-யைத் தெளிவாக முந்தும். அடிப்படை மின்தேவை 58 வாட். அதில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லை என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள். 2500கே-யில் ஏவிஎக்ஸ்2 இல்லை. அது 2013-இல் ஹாஸ்வெல்லோடு வந்தது. ஏவிஎக்ஸ்2 இல்லாவிட்டால் திறக்கவே மறுக்கும் மென்பொருள்கள் பெருகி வருகின்றன. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக இதை ஏற்பதில்லை, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது.

அதே சாக்கெட்டில் பழைய 2600கே அல்லது 3770கே வாங்கிப் போடுவது நடுவழி. எட்டு திரெட் கிடைக்கும். 3770கே-க்கு முதலில் பயாஸை அப்டேட் செய்ய வேண்டும். ஆனால் கை மாறி வரும் ‘கே’ பிராசசரை முந்தையவர் எத்தனை வோல்ட்டில் ஓட்டினார் என்பதற்கு எந்தத் தடயமும் இருக்காது. டீஃபால்ட் வேகத்திலேயே ஓட்டப் போகிறீர்கள், விலையும் சல்லிசு என்றால் மட்டும் வாங்கலாம்.

புது மேடைக்குப் போகிறவர்கள் கேபினெட்டையும் எஸ்எஸ்டி-யையும் கொண்டுபோகலாம். கூலருக்கு எல்ஜிஏ1700 (12100எஃப்-இன் சாக்கெட்) பிராக்கெட் தனியாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். பழைய துளைகள் பொருந்தாது. எஸ்எம்பிஎஸ் பத்து வயதைத் தாண்டியிருந்தால் அதைக் கொண்டுபோகாதீர்கள். பழைய 2500கே-யை மல்டிப்ளையர், எக்ஸ்எம்பி இரண்டையும் டீஃபால்ட்டுக்குக் கொண்டு வந்து, கோப்புச் சேமிப்புக்கோ பிள்ளைகள் படிப்புக்கோ லினக்ஸ் போட்டுக் கொடுத்தால், 95 வாட்டுக்குள் சத்தமில்லாமல் இன்னும் சில ஆண்டு ஓடும்.